மூன்று தடவை அழித்த லேப்டாப்

மேலப்பாளையம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் யஹ்யாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம், முட்டிவலியும் சுகமாகக் கூடவே இருக்கிறது, அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குத் துணை யார். துபாயில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் வாப்பா மவுத்தான பிறகு ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை, மிஞ்சுவது பக்கத்து வீட்டு ருக்சானாவுக்குப் போகிறது.

உன்னோடு வேலை பார்க்கும் நாங்குநேரி கைலாசம் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய புது லேப்டாப்பைப் பத்திரமாகச் சேர்த்தார். பெரிய திரையில் உன் முகம் பார்க்கலாம் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் போன வருஷம் ருக்சானாவின் போனில் அவள் தம்பி அனுப்பியதுபோலப் பேரைப் போட்டு எவனோ கள்ளன் உள்ளே புகுந்தபோது நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "புதுசோ பழசோ, உள்ள உள்ளதெல்லாம் அழிச்சிட்டுத்தான் தொடணும்மா, எம் பேரு போட்டிருந்தாலும் தொறக்காதிய" என்றாயே, அதனால் ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அம்மையப்பன் அண்ணாச்சியிடம் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். அவர், "உள்ள உம்மாவுக்குன்னு ஒரு வீடியோ கெடக்கு, பாத்துட்டு அழிக்கட்டுமா" என்று கேட்டார். கள்ளன் அப்படித்தான் பேர் போடுவான், அழியுங்கள் என்றேன். ஒரு தடவை போதும் என்றார், நான் விடவில்லை. புதுப் பாத்திரத்தையே மூன்று தண்ணீர் அலசி பிஸ்மி சொல்லித்தானே அடுப்பில் ஏற்றுவோம், மூன்று தடவை அழியுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் வரை ஆனது. பிறகு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி பாஸ்வேர்டு கேட்டார், அவரை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு நானே அடித்தேன். இங்கே எழுத மாட்டேன், எழுதக்கூடாது என்று நீதானே சொன்னாய்.

திங்கட்கிழமை நீ போனில், "உம்மா, அதுல நான் பேசி வச்சிருந்தத பாத்தியளா" என்று கேட்டாய். உன் குரலில் இருந்த ஆவலைக் கேட்ட பிறகு அழித்துவிட்டேன் என்று சொல்லமாட்டாமல் பாத்தேன் என்று பொய் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சம்மதந்தானே என்றாய். ஒனக்கு எது நல்லதோ அதச் செய்யி வாப்பா என்றேன். நீ அழுதாய். அல்ஹம்துலில்லாஹ், பயந்துகிட்டே இருந்தம்மா என்று சொல்லி போனை வைத்துவிட்டாய்.

மறுநாள் விடிந்ததும் கடைக்கு ஓடினேன். ஒரு தடவையோடு விட்டிருந்தால் தேடி எடுத்திருப்பேன், இப்போது ஒன்றும் மிச்சமில்லை என்று அண்ணாச்சி கையை விரித்தார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அங்கேயே பெண் பார்த்துவிட்டாயா, இன்னும் தூர தேசத்துக்குப் போகிறாயா, இந்த வீட்டை விற்கச் சொல்கிறாயா? கேட்க உன் வாப்பாவும் இல்லை, சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறேன். போனில் கேட்டுவிடலாம், ஆனால் நீ இத்தனை வருஷத்தில் பேசாத சந்தோஷத்தோடு பேசுகிறாய், அதைக் கெடுக்க மனசு வரவில்லை. நாளை புறப்படும் கைலாசம் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. சுபுஹு தொழுகையை விடாதே, ஏசி காற்று நேரே முகத்தில் படும்படி படுக்காதே. கொடுத்த சம்மதத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன் வாப்பா, எதற்குச் சம்மதித்தேன் என்று மட்டும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் உம்மா
ஷரீபா பீவி