க்யூ வருகிற ஐந்தெழுத்துச் சொற்கள்

உன் வீட்டுத் துக்கத்தில் உட்கார்ந்து நான் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தேன் என்று ராஜபாளையத்தில் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. நான் விளையாடவில்லை. நாம் ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு பஸ்ஸில் வந்த எதிர்வீட்டுக்காரிதான் இதைப் பரப்பியவள். "கூடப் படிச்சவ செத்துப் போயிருக்கா, இவிய செல்ல நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காவ. ஒரு சொட்டுக் கண்ணீரு வரணுமே!" என்று காய்கறிக்காரரிடம் சொன்னாளாம். கண்ணீர் வராதது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. இன்றுவரை வரவில்லை.

இன்று காலையிலும் போனை எடுத்துப் பார்த்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தோற்றவள்தான் மறுநாளைக்கு எழுத்தைச் சொல்ல வேண்டும் என்பது நம் விதி. கடைசியாகத் தோற்றவள் நீ. ஆகவே எழுத்து வரவில்லை. போனை வைத்துவிட்டுக் காபி குடித்தேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்பது குடித்து முடித்த பிறகும் தெரியவில்லை.

கான்வென்ட் போர்டிங்கில் இது விளையாட்டே அல்ல, தண்டனை. தமிழில் பேசிப் பிடிபட்டால் சிஸ்டர் ஓர் எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்து எங்காவது வருகிற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களால் சிலேட்டை நிரப்ப வேண்டும். நாலெழுத்துச் சொல்லோடு எஸ் சேர்த்துப் பன்மையாக்கினால் செல்லாது. நீ ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் மகள், வாயை மூடத் தெரியாதவள். நான் உனக்குப் பதில் சொல்லியே மாட்டிக்கொண்டவள். யார் சிலேட்டு முதலில் நிரம்புகிறது என்று பார்க்கப் போய், தண்டனை போட்டியாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், ஒரு சொல்லை விட்டுத் தரச் சொன்னேன்.

"விட்டுக்குடுத்தா அதுக்குப் பேரு வெளையாட்டாட்டி? பிச்ச. ஒனக்குப் பிச்ச வேணுமா?" என்றாய். வேண்டாம் என்றேன். போர்வைக்குள் இருந்தபடியே ஆடித் தோற்றேன்.

என் கணவர் காலமான பிறகு நான் கதவைத் திறக்காமல் கிடந்தேன். துக்கம் என்றார்கள். அதுவும் சரியல்ல. எழுந்திருக்க ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான். நீ உன் ஊர் மடவார் வளாகத்தில் பஸ் ஏறி வந்தாய். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என் போனை வாங்கி எதையோ அழுத்தினாய். "நாளைக் காலைல எழுத்து அனுப்புதேன். பதில் வரல, நீ தோத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன், பாத்துக்கோ" என்றாய். போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாய்.

மறுநாள் எழுந்தேன். ஆளுக்கொரு சொல்லாக மாறி மாறி அனுப்பினோம், சொல் தீர்ந்தவள் தோற்றவள். அதற்குப் பிறகு தினமும் எழுந்தேன். பெரும்பாலும் ஜெயித்தேன். என் புத்தி மழுங்கவில்லை என்பதற்கு நான் வைத்திருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

உன்னைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போன பிறகு, பெண்கள் உள்ளே குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். உன் மருமகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

"பெரியம்மா, எங்க மாமி ஒங்களுக்காவத்தான் தோத்தாவ. வார்த்தைய எல்லாம் எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாவ, அனுப்ப மாட்டாவ. 'அவ ஜெயிச்சாத்தான் நாளைக்கும் எந்திரிப்பா'ம்பாவ."

அப்போதுதான் நான் போனை எடுத்தேன்.

கடைசி ஆட்டத்துக்கு எழுத்து க்யூ. நீ அனுப்பியவை க்வீன், க்விக், க்வயட், ஈக்வல். அதன் பிறகு, "எனக்கு முடிஞ்சிட்டுட்டி, நீயே ஜெயிச்சுக்கோ." நான் க்வில்ட் போட்டு ஜெயித்தேன். அன்று பெருமையாகவே இருந்தது.

நீ யார்? ரேஷன் சரக்கு ஒதுக்கும் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மண்ணெண்ணெய் கோட்டா, சீனி கோட்டா என்று எழுதி எழுதியே விரல் காய்த்தவள். ஆடிட் க்வெரி வந்தால் சோறு இறங்காதவள். கடை வாசலில் க்யூவை ஒழுங்குபண்ணப் போய்த் திட்டு வாங்கி வந்தவள். கோட்டா, க்வெரி, க்யூ என்று இந்த மூன்று சொல்லும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து, மூன்றிலும் க்யூ என்ற எழுத்து இருக்கிறது. உனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லையாம்.

வராமலும் போயிருக்கலாம். நீ அப்போது மாத்திரை மயக்கத்தில் இருந்தாய். பேரனை உன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். அப்படியானால் உன் மருமகள் சொல்வது தவறு, நான் ஜெயித்தது ஜெயித்ததுதான். அவள் சொல்வது சரியென்றால், அத்தனை காலையும் நீ எனக்குப் போட்ட பிச்சை. கையேந்தாமலே வாங்கியிருக்கிறேன்.

பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளில் கண் தானாக எழுத்தை எண்ணுகிறது. ஐந்து வந்தால் ஒதுக்கி வைக்கிறது. யாருக்கு அனுப்ப என்று கேட்பதில்லை.

அழுவதானால் எதற்கு அழுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். தோழி போனதற்கா, அவள் என்னை ஏமாற்றியதற்கா என்று தெரியாமல் அழ எனக்கு வராது. அதனால் கேட்கிறேன். நீ வேண்டுமென்றே தோற்றாயா? ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றை எழுதி அனுப்பு.