வலது பக்கம் மங்குகிறது

பிப்ரவரி 9, ஞாயிறு

நானே கட்டிய சி.டி. பெட்டியில் தட்டு சுற்றவில்லை. மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டு, பாட்டு வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். சின்னத் திரையில் 'சி.டி. இல்லை' என்று காட்டுகிறது. இருக்கிறது ஐயா, நான்தானே வைத்தேன்.

லேசரைக் கொன்றுவிட்டேனோ? மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் தொட்டால், உடம்பில் இருக்கிற நிலைமின்சாரமே அதன் கதையை முடித்துவிடும். கட்டியிருந்தேன். கட்டியிருந்தேனா? டீ குடிக்க எழுந்து போய் வந்த பிறகு மறுபடி கட்டினேனா? நினைவில்லை. இந்த மாடல் லேசரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இது போனால் வேறு கிடைக்காது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன, என் சக்களத்தி பேச மாட்டேங்கறாளா?"

சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

லேசர் சாகவில்லை! புது லேசரைக் கம்பெனியில் இருந்து அனுப்பும்போது நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க இரண்டு முனைகளை ஒரு பொட்டு ஈயத்தால் ஒட்டியே அனுப்புவார்கள். ரிப்பன் ஒயரைச் செருகியபின் அந்தப் பொட்டை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டேன். ஒரு ராத்திரி தூக்கம் போனது இந்தக் கடுகளவு ஈயத்துக்காக.

மச்சினனுக்குப் போன் போட்டேன். டி.வி. ரிப்பேர் கடையில் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டுச் சிரித்தான். "இதை எல்லாரும் ஒரு தடவை பண்ணுவாங்க மாமா. நான் மூணு தடவை பண்ணியிருக்கேன்."

பிப்ரவரி 15, சனி

பாடிவிட்டது.

சரியாகச் சொன்னால், என் பெட்டி பாடாது, படிக்கும். சி.டி.யைச் சுழற்றி, அதில் இருக்கிற எண்களைப் படித்து ஒரே ஒயரில் அடுத்த பெட்டிக்கு அனுப்பும். எண்களைச் சத்தமாக்குவது அந்த டாக் பெட்டியின் வேலை. கடையில் வாங்கிய பிளேயரில் எல்லாம் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மோட்டாருக்குத் தனிக் கரண்டு, லேசருக்குத் தனிக் கரண்டு என்று பார்த்துப் பார்த்துக் கட்டினேன்.

எனக்கு மனப்பாடமான அந்த மூவர் கச்சேரியைத்தான் போட்டேன். இடது பக்கம் வயலின், நடுவில் பியானோ, வலது பக்கம் புல்லாங்குழல். வயலின் அப்படியே எதிரே வந்து நின்றது. கண் கலங்கிவிட்டது.

ஆனால் புல்லாங்குழல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குழல் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்கும். அது கேட்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வலதுதான். வலது மட்டும்தான். கண்டென்சர் இரண்டை மாற்றினேன். லேசர் லென்சைத் துடைத்தேன். ஒன்றும் மாறவில்லை. பரணில் கிடந்த பழைய பிளேயரை இறக்கி மாட்டினேன். அதிலும் மூச்சு இல்லை. போன வருடம் இருந்ததே. நிச்சயமாக இருந்தது.

பிப்ரவரி 22, சனி

மச்சினன் வந்தான். கேட்டான். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. நீங்கதான் ரொம்ப நோண்டுறீங்க மாமா." அவனுடையது டி.வி. பார்த்துப் பழகிய காது என்று மனதுக்குள் தள்ளிவிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "எனக்கு ஒண்ணு புரியல. உங்க பெட்டியில இருந்து ரெண்டு பக்கமும் ஒரே ஒயர்லதானே போகுது? எண் தப்பாப் படிச்சா ரெண்டும் சேர்ந்துதானே கெடணும்? ஒரு பக்கம் மட்டும் எப்படி மங்கும்?"

எனக்கு இது தெரியாதா? முதல் நாளே தெரியும். தெரிந்தும் ஒரு வாரம் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, சனி

பாட்டுப் பெட்டி கட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு: இடம் மாற்றிப் பார்ப்பது. இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் செருக வேண்டும். கோளாறு பக்கம் மாறினால் அது ஒயருக்குப் பின்னால், பாட்டு வருகிற பக்கம் இருக்கிறது. மாறாவிட்டால் முன்னால், பாட்டு போகிற பக்கம்.

டாக் பெட்டியில் மாற்றினேன். புல்லாங்குழல் இடது பக்கம் வந்து மூச்சோடு கேட்டது. வலது பக்கம் போன வயலின் மங்கிவிட்டது. சரி, ஆம்ப்ளிஃபையர்.

ஆம்ப்ளிஃபையரில் மாற்றினேன். மங்கல் வலது பக்கத்தைவிட்டு நகரவில்லை. சரி, ஸ்பீக்கர்.

ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினோம். ஒவ்வொன்றும் ஒரு மூட்டை சிமெண்ட் கனம். அவள் ஒரு முனையைப் பிடித்தாள். "இடுப்பு போச்சு. இதுக்கு மேல எதை மாத்தப் போறீங்க?"

மங்கல் வலது பக்கமே இருக்கிறது.

சுவராக இருக்கும். அந்தப் பக்கம் ஜன்னல் திரை இருக்கிறது, சத்தத்தைக் குடித்திருக்கும். திரையைக் கழற்றினேன். இல்லை.

அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். மாற்றாதது இன்னும் ஒன்று இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

அவள் கடைக்குப் போயிருந்தபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

நேற்று வரை தெளிவாக இருந்த ஸ்பீக்கர் மங்கிவிட்டது. மங்கியிருந்தது தெளிந்துவிட்டது.

பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு நாற்காலியைப் பழையபடி திருப்பி வைத்தேன், அவளுக்குத் தெரியக்கூடாது என்று.

மார்ச் 3, திங்கள்

காதில் அழுக்குதான் அடைத்திருக்கும். வேறென்ன.

மார்ச் 8, சனி

சொட்டு மருந்து விட்டு ஐந்து நாளாகிறது. அழுக்கு வந்தது. சத்தம் வரவில்லை. போனை இடது காதிலேயே வைக்கிறேன். எப்போதிலிருந்து? யோசித்தால் ரொம்ப நாளாகவே இடதுதான்.

அப்பாவுக்கும் இந்த வயதில்தான் காது போனது. பிறகு வீட்டில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முறைப்பார். எல்லோரும் பேசி முடித்த விஷயத்தைக் கடைசியாகக் கேட்பார். 'ஒண்ணுமில்லப்பா' என்று நானே சொல்லியிருக்கிறேன். எனக்கும் யாராவது 'ஒண்ணுமில்லப்பா' சொல்லப்போகிறார்கள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். எழுதினால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

வேலை? நான் லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரில் காது வைத்துத்தான் பேரிங் தேய்ந்ததைச் சொல்கிறேன். இத்தனை வருடமும் மீட்டரைவிட என் காதைத்தான் கம்பெனி நம்பியது.

மார்ச் 13, வியாழன்

லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று நானும் கூட்டாளியும் மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தோம். பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது நான். அவன் என் வலது பக்கம். "நிறுத்துங்க!" என்று சத்தம் கேட்டது. மேலே மோட்டார் அறையில் இருந்து வந்தது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். விரலை எடுக்கவில்லை. அவன்தான் கத்தியிருக்கிறான். சட்டைக் கை சுவர்க் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை கத்தியதும் விட்டேன். சட்டை தோள்பட்டை வரை கிழிந்தது. கைக்கு ஒன்றுமில்லை.

"என்னண்ணே, பக்கத்துல நின்னு கத்துறேன், வானத்தைப் பாக்குறீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டைக்குப் பதில் கை மாட்டியிருந்தால்? அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

சாயங்காலம் அவளிடம் எல்லாம் சொன்னேன். நாற்காலியைத் திருப்பியது உட்பட. அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"அந்தக் கல்லு மாதிரி ஸ்பீக்கரைத் தூக்க வெச்சீங்களே! அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் இடுப்பாவது மிஞ்சியிருக்கும்ல?"

அதன் பிறகுதான் அழுதாள்.

மார்ச் 20, வியாழன்

காதுப் பரிசோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறை, ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.

செய்த அற்பத்தனத்தை எழுதிவிடுகிறேன். இடது காது முடிந்தது. எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தச் சத்தம், எவ்வளவு இடைவெளி - எல்லாம் பிடிபட்டுவிட்டது. ஸ்பீக்கருக்குச் சோதனை வைத்துச் சோதனை வைத்துப் பழகிய புத்தி. வலது காது வந்ததும் ஒன்றும் கேட்காமலேயே கணக்குப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தேன்.

பரிசோதிக்கிற பெண் கதவைத் திறந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"சார், நான் இன்னும் சத்தமே குடுக்கலை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் திட்டவில்லை. "நிறைய பேர் இப்படிப் பண்ணுவாங்க சார். பயம். திரும்ப முதல்ல இருந்து போலாமா?" என்றாள்.

திரும்ப முதலிலிருந்து போனோம். இந்த முறை வெகுநேரம் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அசைவும் எனக்கு எட்டாத ஒரு சத்தம்.

ஒரு காது மட்டும் இப்படி ஆனால் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டுமாம்.

ஏப்ரல் 2, புதன்

கட்டி. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பின் மேல். பட்டாணி அளவு.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "கேன்சர் இல்லை. அதை முதல்ல மனசுல வாங்கிக்குங்க." அவள் அதை வாங்கிக்கொண்டாள், நாற்காலியிலேயே மூச்சு விட்டாள். நான் அடுத்ததைக் கேட்டேன்.

"எடுத்தா அந்தக் காது போயிடும். எடுக்கலைன்னாலும் போகும். வளர்ந்தா நடை தடுமாறும், முகம் இழுத்துக்கும். இது உங்க அப்பாவுக்கு வந்ததோட சம்பந்தப்பட்டது இல்ல."

அப்பாவுடையது இல்லை என்றதும் என்னவோ போலாகிவிட்டது. இத்தனை வாரம் அவரோடு சேர்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது தனியாகப் பயப்பட வேண்டும்.

ஏப்ரல் 5

முகம் இழுத்துக்கொள்ளுமா? கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாளைக்கு அட்மிட். மறுநாள் ஆபரேஷன்.

பெட்டியைப் போட்டேன். இடது காதை விரலால் இறுக்க அடைத்துக்கொண்டு, வலது காதில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். பியானோவின் கீழ்ச் சுரங்கள் மட்டும், மெத்தைக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி. அதுவும் நாளன்றைக்கு இருக்காது. இவ்வளவுதானே இருக்கிறது, போனால் போகட்டும் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. இந்த இவ்வளவும் எனக்கு வேண்டும்.

எழுந்திருக்காமல் போய்விட்டால்? மச்சினனுக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று காட்டினேன். "நீங்களே வந்து போடுவீங்க மாமா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் பையில் துணி மடித்து வைக்கிற சத்தம். எந்த அறையில் என்று தெரிகிறது. இன்றைக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 27

உயிரோடு இருக்கிறேன். முகம் சரியாக இருக்கிறது. எழுத்து ஆடுகிறது. தரையும்.

மே 18, ஞாயிறு

வலது காதில் ஓயாத இரைச்சல். கேட்காத காதுக்குள் எப்படிச் சத்தம்? நரம்பு தேடிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர்.

பெட்டியின் மேல் அவள் துணி போட்டு மூடியிருக்கிறாள். எடுக்கப் பயம். வயலினும் பியானோவும் இருந்து, மூன்றாவது ஆள் அடியோடு இல்லாமல் போயிருந்தால்? கேட்காமலே இருந்துவிடலாம்.

ஜூன் 9, திங்கள்

வேலைக்குப் போனேன். இனி லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்க வேண்டாம், கன்ட்ரோல் போர்டு பழுதுபார்க்கிற மேஜை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கூட்டாளி மதியம் வந்து என் இடது பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஜூலை 6, ஞாயிறு

டாக் பெட்டியில் இருந்து வருகிற இரண்டு ஒயரையும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் கொடுத்து ஒன்றாகச் சேர்த்தேன். நேராக முறுக்கிவிட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். இடதும் வலதும் கலந்து ஒரே ஸ்பீக்கரில் வரும். இன்னொன்றை மச்சினன் தூக்கிக்கொண்டு போனான். "இதையா அக்காவைத் தூக்க வெச்சீங்க?"

சுவிட்சைப் போட்டுவிட்டு அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன், கோழை மாதிரி. பிறகு உள்ளே வந்தேன். மூன்று பேரும் இருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்த மாதிரி, யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல். ஆனால் இருந்தார்கள்.

பாதியில் அவள் கூப்பிட்டாள். எங்கிருந்து என்று தெரியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுச் சமையலறையில் பார்த்தேன், இல்லை. படுக்கையறையில் பார்த்தேன், இல்லை.

"எங்க இருக்கே?"

"இங்கதான்!"

'இங்க' என்றால் எனக்கு இப்போது எல்லாப் பக்கமும்தான். சொந்த வீட்டுக் கூடத்தில், நடுவில், அசையாமல் நின்றேன்.

"நிறுத்தாதே. பேசிக்கிட்டே இரு."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. திட்டேன்."

ஆரம்பித்தாள். வீடு முழுக்கக் கம்பித் துண்டு, கால் வைக்க இடமில்லை, கூட்டிப் பெருக்குகிறவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம் என்று. குரல் நடுவில் ஒருமுறை உடைந்தது, நிறுத்தவில்லை. திட்டு பெரிதாகிற பக்கமாக நடந்தேன்.