கோர்த்த ஊசி

என் மகளின் அம்மாவுக்கு,

பழைய சண்டையைக் கிளற இதை எழுதவில்லை. நம் பெண்ணுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று என் தையல்கடைக்குப் பக்கத்திலேயே. அவள் ஆசைப்பட்ட படிப்பு இருப்பதோ, நீ எங்களை விட்டுப் போய்க் குடியேறிய ஊரில்.

"நான் அங்க போயிட்டா உங்களுக்கு யாருப்பா ஊசி கோத்துக் குடுப்பா?" என்று பக்கத்தில் உள்ளதற்கே சம்மதம் சொல்ல உட்கார்ந்துவிட்டாள். என் பார்வை மங்கியதிலிருந்து, பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் எனக்கு ஊசி கோர்த்து வைப்பது அவள்தான்.

"புதுக் கண்ணாடி போட்டாச்சேம்மா, இப்ப நானே கோக்குறேன் பாரு."

நூல் நுனியை உதட்டில் நனைத்துக்கொண்டு திரும்பி நின்றேன். பக்கத்துக் கடைக்காரரிடம் முன்னமே கோர்த்து வாங்கி ஒளித்து வைத்திருந்த ஊசியை எடுத்துக் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா!" என்று துள்ளினாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில், உன் வீட்டில் தங்கிப் படிக்க வருகிறாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதே.

காலையில் எழுந்ததும் பழக்கத்தில் அவள் கை ஊசியைத் தேடும். உன் வீட்டில் ஒரு பொத்தானாவது அறுந்து கிடக்கட்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா