ஓடும் பம்பும் ஒரு சுத்தியலும்

அன்புத் தங்கைக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீயும் உன் பெண்களும் நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பில் மாற்றமில்லை. அந்த நினைப்பால்தான் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன்.

முதலில் உன் வீட்டுக்காரரின் தாடை. வெடித்த குழாயின் துண்டு பட்டு உடைந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீயும் எல்லாவற்றையும் அரைத்துக் கரைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறாய். குழாய் அவர் பக்கமே வரவில்லை. உடைத்தது நான். என் வலது கை நடுவிரல் இன்னும் மடங்க மறுக்கிறது.

அவர்மேல் எனக்குக் காய்ச்சல் உண்டு என்பது ஊரறிந்தது. எனக்கு வர வேண்டிய நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். விருந்துக்கு வந்தவர்களிடம் என்னை, “இவருதான் நம்ம புரொபசர், பாறையப் பத்திப் பாடம் எடுப்பாரு, பாறைதான் கேக்காது” என்று அறிமுகம் செய்வார். நீயும் சிரித்திருக்கிறாய். எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அன்று அடித்தது அதற்காக அல்ல.

நாங்கள் எண்ணெய் எடுப்பதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எடுப்பவர்கள் பிறகு வருவார்கள். நாங்கள் பூமிக்குள் அடிதடி செய்பவர்கள். வெகு ஆழத்தில், இறுகிய பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் வாயுவும் சிக்கிக் கிடக்கும், தானாக வராது. கிணற்றின் இரும்புக் குழாயில் அந்த ஆழத்தில் ஓட்டைகள் போட்டு, மேலே பம்பு லாரிகளை வரிசையாக நிறுத்தி, பாறை தாங்க முடியாமல் பிளக்கும்வரை தண்ணீரைத் திணிப்போம். பிளந்ததும் தண்ணீரோடு மணலை அனுப்புவோம். அழுத்தம் நின்றால் பிளவு திரும்ப மூடிக்கொள்ளப் பார்க்கும். மணல் உள்ளே நின்று முட்டுக்கொடுக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் எண்ணெய் கசிந்து வரும். மணல் போகும்போது நடுவில் பம்பை நிறுத்தினால், அது கிணற்றுக்குள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு தூர் எடுக்க வேண்டும். பொறுப்பாளர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

லாரிகளையும் கிணற்றையும் இணைக்கும் குழாய்கள் தரையில் கிடக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் காது வைத்த பெரிய நட்டு. காதில் சுத்தியலால் அடித்து இறுக்குவோம், பம்பு ஓடத் தொடங்கும் முன் மட்டும். ஓடத் தொடங்கிவிட்டால் குழாய்களைச் சுற்றிக் கட்டிய சிவப்புக் கயிற்றைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது. இங்கே சேர்பவனுக்கு முதலில் சொல்லித்தருவதே இதுதான்.

அன்று கட்டுப்பாட்டு வண்டிக்குள் நானும் அவரும் மட்டும் திரைக்கு முன்னால் இருந்தோம். நீ போனில் அவரிடம் பெரியவளின் காலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். கொட்டாவி உள்ளே வந்து கதவைச் சாத்தினான். எந்நேரமும் கொட்டாவி விடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். மற்றபடி எங்களில் அவனைப் போல் விழிப்பானவன் கிடையாது. ஓர் இணைப்பில் தண்ணீர் சொட்டுகிறது என்றான். நான் பம்பை நிறுத்தும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். உன் வீட்டுக்காரர் என் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தார். மணல் பாதி வழியில் இருக்கிறது, இப்போது நிறுத்தினால் தன் தலைதான் உருளும் என்றார். அவனிடம், “சுத்திய எடுத்துட்டுப் போயி ரெண்டு தட்டு தட்டிட்டு வாடா” என்றார். பம்பு ஓடுதே சார் என்றான் அவன். “அது ஓடட்டும். உன்னையா ஓடச் சொன்னேன்?” என்றார்.

அவன் என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.

முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடியில் நட்டு பறந்தது. குழாய் தரையிலிருந்து எழுந்து ஒருமுறை வீசியது. அவ்வளவுதான். மணல் கலந்த தண்ணீர் அந்த அழுத்தத்தில் வந்தால் அது தண்ணீர் அல்ல, அரம். நான் பொத்தானை அடித்துவிட்டு ஓடினேன். நெஞ்சுக்குக் கீழே சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. ஒரு கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. வாயில் மணல்.

உன் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி அவர் சொன்ன முதல் வார்த்தை: “இவன யாருய்யா உள்ள போகச் சொன்னது?”

அப்போதுதான் அடித்தேன். இரண்டாவது குத்தில் எலும்பு உடையும் சத்தம் கேட்டது, சந்தோஷமாக இருந்தது. லாரி டிரைவர்கள் என்னை இழுத்துப் பிடித்திராவிட்டால், அந்தச் சுத்தியலைத் தேடிப் போயிருப்பேன்.

இப்போது விசாரணை. செத்தவன் தன்னிஷ்டத்துக்கு உள்ளே போனான் என்று உன் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன். பதவி கிடைக்காத வயிற்றெரிச்சல், அடித்தவன் வேறு, இவன் பேச்சை எப்படி நம்புவது என்கிறார்கள். வருஷக்கணக்காக நான் ஊட்டி வளர்த்த வன்மம் இன்று அவருக்குச் சாட்சி சொல்கிறது. கொட்டாவியின் மனைவி கம்பெனி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, தன் புருஷன் அப்படிப் போகிற ஆளா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இதை இப்படியே விட்டால், தாடை கூடியதும் அடுத்த கிணற்றில் அதே நாற்காலியில் இவர்தான் உட்காருவார். சுத்தியலைத் தூக்க இன்னொருவன் இருப்பான்.

தங்கச்சி, அன்று அவர் போனை வைக்கவில்லை. மேஜைமேல் கவிழ்த்துவைத்தார். அன்று மாலை நீ எனக்குப் போன் செய்து, “அவரு யாரையோ போயித் தட்டச் சொன்னாரேண்ணா, அந்த ஆளு என்ன ஆனாரு?” என்று அழுதாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கேட்கவும் இல்லை.

நீ கேட்டதை விசாரணையில் சொல். சொன்னால் உன் வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். சொல்லாவிட்டாலும் நீ என் தங்கைதான். பெண்கள் இரண்டு பேரும் யாருக்கும் தலைகுனியாமல் வளரட்டும்.

இதில் என் பெயரைப் போடப் போவதில்லை. என் கையெழுத்து உனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு நீ வாய் திறந்தால், அண்ணன் தூண்டிவிட்டான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. படித்ததும் கிழித்துவிடு. உன் காது கேட்டதற்கு என் பெயர் எதற்கு? இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.