பெண்களுக்கு முதல் பந்தி

4 ஜூன் 1957
இல்லை, இங்கே பெண்கள் மெலிந்து கிடப்பது பசி இல்லாததால் அல்ல. பசி இருக்கிறது. அஞ்சலாட்சி அம்மாள் குழம்புச் சட்டியை விரலால் வழித்துத் தின்பதைப் பார்த்தேன்.

இந்த முதியோர் விடுதியில் சாப்பாட்டைக் கவனிப்பது என் வேலை. பட்டணத்தில் படித்ததெல்லாம் புரதம், சுண்ணாம்புச் சத்து. இங்கே ஆண்களுக்கு முதல் பந்தி. அவர்கள் எழுந்ததும் பெண்கள். அதற்குள் சட்டியில் மீன் இருக்காது, சாறும் முள்ளும்தான்.

அஞ்சலாட்சியின் கால் புண் ஆறவில்லை. டாக்டர் சொன்னார்: "ஒடம்புல சத்தே இல்ல. இப்படியே போனா காலை எடுக்கணும்."

5 ஜூன்
பந்தியை மாற்றிவிட்டேன். பெண்கள் முதலில். இவ்வளவுதானே?

6 ஜூன்
தோல்வி. பெண்கள் உட்கார்ந்தார்கள். சாறு மட்டும் ஊற்றிக்கொண்டார்கள். துண்டுகளைக் கரண்டியால் ஒதுக்கிச் சட்டியிலேயே விட்டார்கள்.

சமையல்கார அம்மாவாசைக்குச் சிரிப்பு. "ஆம்பளைங்க சாப்புடாம இதுங்க தொடுங்களா கமலாம்மா?"

"எந்த ஆம்பளை? இங்க யாருக்காவது புருஷன் இருக்கானா?" கத்திவிட்டேன்.

அஞ்சலாட்சி நிமிரவில்லை. "எம் புருஷன் செத்துத்தாம்மா போனான். கை வரமாட்டேங்குது, நான் என்ன பண்றது?"

9 ஜூன்
நானே அஞ்சலாட்சியின் தட்டில் மீன் வைத்தேன். அதன் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, பிறகு ஆண்கள் பந்தியில் இருந்த கிருஷ்ணசாமியிடம் கொடுத்துவிட்டார். அவர் இவருக்கு உறவா? இல்லை. ஊர்க்காரரா? அதுவும் இல்லை. வாங்கித் தின்றார், ஒரு வார்த்தை கேட்காமல்.

கடற்கரை வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். யார் மேல் கோபம்? தெரியவில்லை.

13 ஜூன்
புண்ணில் நாற்றம்.

14 ஜூன்
அம்மாவாசைக்குக் காய்ச்சல். அஞ்சலாட்சி முக்காலியில் உட்கார்ந்தபடி குழம்பைப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தார். பிறகு ஒரு துண்டு மீன் — "வெந்துச்சான்னு பாக்கணும்ல." முழுத் துண்டு. முகத்தில் கூச்சமே இல்லை.

சமைக்கிற கைக்கு அந்த உரிமை உண்டு போலிருக்கிறது. வாசற்படியில் அசையாமல் நின்றேன்.

15 ஜூன்
அம்மாவாசை வந்துவிட்டார். இருந்தாலும், "உப்பு எனக்குப் புடிபடல பெரியம்மா, நீங்க எல்லாரும் வந்து பாத்துச் சொல்லுங்க" என்றேன். வந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம், மீன் துண்டோடு.

"இத்தினி பேரு உப்பு பாத்தா கொழம்பு எங்க மிஞ்சும்?" — அம்மாவாசை.

"கூடுதலா வைங்க."

பந்தி பழையபடி ஆண்களுக்கே முதலில். இது வெற்றியா? நான் எதை மாற்றினேன்? ஒரு மறைப்பைக் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மீன் உள்ளே போகிறது. போகிறதே —

20 ஜூலை
டாக்டர் புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். "ஆறுது" என்றார். காலை எடுப்பதைப் பற்றிப் பேச்சில்லை.

3 ஆகஸ்ட்
மணி அடிக்குமுன்பே கிருஷ்ணசாமி தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "பசிக்குது. இன்னும் என்னா பண்றீங்க?"

உள்ளே பெண்கள் எல்லோரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அஞ்சலாட்சி மட்டும் வைக்கவில்லை. வாயில் மீனோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல்:

"இருய்யா. பொம்பளைங்க சாப்ட்டுக்கினு இருக்கோம்ல."

உப்புப் பார்க்கிறோம் என்று சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பா அம்மாள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கிருஷ்ணசாமி தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார்.

நான் கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு துண்டு எடுத்து அஞ்சலாட்சியின் கிண்ணத்தில் வைத்தேன்.