மைதானத்தின் மேற்குக் கதவு

அனுப்புநர்:
கா. அய்யனார்,
த/பெ காத்தவராயன்,
கிழக்குக் காலனி, சேவூர்,
ஆரணி வட்டம், வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: பல்கலைக்கழக கிரிக்கெட் மைதான வளாகத்துக்குள் அடைபட்ட எங்கள் இடுகாட்டுப் பாதை – கதவைப் பூட்டிச் சவத்தை நிறுத்திவைத்தது – பூட்டை அகற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆரணி பஸ் பணிமனையில் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். கிரிக்கெட்டின் மீது எனக்குப் பகை இல்லை. ரேடியோவில் ஸ்கோர் கேட்பவன்தான். என் கோபம் ஆட்டத்தின் மீது அல்ல, ஒரு பூட்டின் மீது.

2. மைதானம் கட்டுவதற்கு முன் அங்கே இருந்த மேட்டின் வழியாகத்தான் எங்கள் காலனிச் சவங்கள் இடுகாட்டுக்குப் போயின. நிலம் எடுத்தபோது, சுற்றுச்சுவரில் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாகக் கதவு வைத்து, மைதானத்தின் ஓரமாக வழி விடுவதாக எல்லோர் முன்னிலையிலும் அதிகாரிகள் சொன்னார்கள். நம்பினோம். அந்த மேட்டைச் சமப்படுத்தக் கூலிக்கு மண் சுமந்தவர்களில் என் தாயார் பாஞ்சாலையும் ஒருவர்.

3. சென்ற தை மாதம் என் தாயார் காலமானார். வழக்கப்படி பாதி வழியில், கிழக்குச் சுவருக்கு வெளியே உள்ள புங்க மரத்தடியில் பாடையை இறக்கி, திசை மாற்றித் தூக்கினோம். அப்படித் தூக்கிய பிறகு இடுகாடு போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது. கிழக்குக் கதவு திறந்திருந்தது. சுவர் ஓரமாகவே மேற்குக் கதவுக்குப் போனோம். அங்கே புதுப் பூட்டு தொங்கியது.

4. காவலாளி தசரதன் எங்கள் தெருக்காரர். "அண்ணே, சாவி என் கையில இல்லைங்க. மேட்ச் நடந்துகினு இருக்குது" என்று கையைப் பிசைந்தார். சாவி வைத்திருந்த வளாகக் கண்காணிப்பாளர் ஆட்டம் பார்க்கப் போட்டிருந்த பந்தலில் இருந்தபடியே, "டீ டைம் வரைக்கும் நில்லுங்க. மேளத்தை நிறுத்துங்க, பேட்ஸ்மேனுக்குத் தொந்தரவா இருக்குது" என்றார். மேளம் நின்றது. வெயிலில் தோள் மாற்றித் தோள் மாற்றி என் தாயைச் சுமந்து நின்றோம். சுற்றிப் போகலாம் என்றால் ஏரிக் கால்வாயில் மார்பளவு தண்ணீர். எல்லைக் கோட்டருகே நின்ற ஆட்டக்காரப் பிள்ளைகள் இருவர் தொப்பியைக் கழற்றினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த மனசு சாவி வைத்திருந்தவருக்கு இல்லை. நாங்கள் நிற்க, அவர் கைதட்டி ஆட்டம் பார்த்தார். தேநீர் வந்த பிறகுதான் சாவி வந்தது.

5. மறுவாரம் வளாக அலுவலகத்துக்கு நேரில் போய் நியாயம் கேட்டேன். மன்னிப்புக் கிடைக்கவில்லை, கதவில் ஒரு பலகை கிடைத்தது. 'சவ ஊர்வலம் செல்ல விரும்புவோர் இரண்டு நாட்களுக்கு முன் இறப்பவர் பெயருடன் எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும்' என்று அதில் எழுதியிருக்கிறது. ஐயா, சாவை இரண்டு நாள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க எங்களுக்குத் தெரியாது. இதை எழுதியவருக்கு வெட்கமில்லை. தினமும் அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் எங்களுக்குத்தான் வயிறு எரிகிறது.

6. ஆகவே, மேற்குக் கதவின் பூட்டையும் அந்தப் பலகையையும் அகற்றி, எந்த நாளும் எந்த நேரமும் எங்கள் பாதை திறந்திருக்கத் தாங்கள் எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். வாய்ச்சொல்லை ஒருமுறை நம்பிப் பார்த்துவிட்டோம்.

7. கடைசியாக ஒன்று. என் தகப்பனார் காத்தவராயன் படுத்த படுக்கையாக இருக்கிறார். பலகையில் உள்ளதைப் படித்துச் சொன்னேன். "உங்க அம்மாவ நிக்க வெச்சது போதும்டா. என் பேர்ல இப்பவே எழுதி குடுத்துடு, நான் கைநாட்டு வெக்கிறேன்" என்றார். மறுக்க முடியவில்லை. அவர் பெயரில் எழுதிய விண்ணப்பத்தை, அவருடைய கைநாட்டுடன் இத்துடன் இணைத்துள்ளேன். நாள் மட்டும் நிரப்பவில்லை. தாங்கள் பூட்டை அகற்றாவிட்டால், அதையும் வளாக அலுவலகமே நிரப்பிக்கொள்ளட்டும்.

இடம்: சேவூர்
நாள்: 20.2.1984

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கா. அய்யனார்

இணைப்பு: கைநாட்டு இட்ட விண்ணப்பம் – 1