நிலாவில் இறங்கியாச்சு

கீர்த்தி,

ரசம் அடுப்பு மேல இருக்குது, சுட வெச்சுக்கோ. நான் பட்டு நூல் வாங்கப் போறேன்.

நேத்து கம்ப்யூட்டர் கேம்ல நான் கப்பலை நிலாவுல மோதினப்ப, "இது தறி இல்லீங்க, நாடாக் கயிறு மாதிரி வெடுக்குனு இழுக்காதீங்க"ன்னு சிரிச்சே. கோபத்துல சாப்பிடாம படுத்துட்டேன்.

காலையில திரும்ப உக்காந்தேன். அறுந்த ஜரிகையை முடிச்சு போடுற மாதிரி, மூச்சைப் பிடிச்சுக்கினு விரல் நுனியால ஜாய்ஸ்டிக்கைத் தொட்டேன். மூணாவது தடவை அலுங்காம இறங்கிடுச்சு. கம்ப்யூட்டரை நிறுத்தலை, மானிட்டரை மட்டும் போட்டுப் பாரு.

சிவபாலன்

அப்புறம், போன வாரம் எரிபொருள் தீர்ந்து நீ நிலாவுல விட்டுட்டு வந்த கப்பல் இன்னும் அங்க தனியா நின்னுக்கினு இருந்துச்சு. சமமான தரை வேற பக்கம் நிறைய இருந்துச்சு. ஆனா அது பக்கத்துலதான் இறக்கினேன்.